ஈயக்குண்டின் கனம்

1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ரயில் பாலத்தால் பெயர் பெற்ற பாம்பனில், நேற்று மாலை கைத்தூண்டிலுடன் அமர்ந்திருந்தபோது, கனத்த ஈயமே மேலான ஈயம் என்று இத்தனை வருஷங்களாக நான் கொண்டிருந்த எண்ணம் எத்துணை பேதைமையானது என்பது எனக்குப் புலனாயிற்று.

பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் கலக்கும் அக்குறுகிய வாயிலில், பிரவாகத்தின் வேகம் இருமடங்கானால், தூண்டில் இழையான தங்கூசியை அது இழுக்கும் விசை ஏறத்தாழ 4 மடங்காகி விடுகிறது; ஆதலால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உருண்டோடும் அதே குண்டு, அஷ்டமியை ஒட்டி நீர் தணிந்த வேளையில் தேவைக்கு மிஞ்சிய பாரமாகிறது. தங்கூசி பருக்கப் பருக்க இழுப்பும் மிகுவதால், ஈயத்தைக் கூட்டுமுன் தங்கூசியை மெலிதாக்கிப் பார்ப்பதே விவேகம்.

"கனம் கூடுனா மீன் கடிக்கிறது கைக்குத் தெரியாது தம்பி, கொறஞ்சா தூண்டி எங்க கெடக்குன்னே தெரியாது" என்றார், அருகிலிருந்த பெரியவர்.

தரையில் தங்குவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கனம், அதற்குமேல் ஒரு குன்றிமணியும் வேண்டாம் என்னும் அச்சூட்சுமத்தைச் சிந்தித்தவாறே வீடு திரும்பினேன். மீன் ஒன்றும் அகப்படாததால், பையிலும் கனம் இருக்கவில்லை.