நான்கு சத்திரங்கள்

தைப்பூசத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போதே எக்செல் ஷீட் போட்டுவிட்டேன். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். நாளுக்கு 25 என்று வகுத்தால் ஆறரை நாள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம். ஒவ்வொரு ஊருக்கும் நேராக ஒரு லாட்ஜ், போன் நம்பர், வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா இல்லையா.

அம்மாவுக்கு வயது 61. சர்க்கரை உண்டு. தம்பியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நடந்து வருகிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டார். கேட்டவர் அவர், பதறியவள் நான். அதனால் நானும் கிளம்பினேன்.

போனில் ஷீட்டைப் படித்துக் காட்டினேன். "ரூமெல்லாம் யாருக்குடி? நடுராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பணும். அப்ப எந்த லாட்ஜ்காரன் எந்திரிச்சு சாவி வாங்குவான்?" என்றார். எங்கள் தெருக் குழுவுக்கு ஒரு மினி லாரி உண்டு. பைகளும் அண்டாவும் முன்னாடி போய்விடும். கல்யாண மண்டபமோ பள்ளிக்கூட வராண்டாவோ கிடைத்த இடத்தில் படுக்கை. இத்தனை வருஷமாக அப்படித்தான்.

ரெண்டு மணிக்குக் கிளம்புவது வெயிலுக்குப் பயந்து என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதிக் காரணம். மீதி முதல் நாளே புரிந்தது. விடிவதற்குள் பெண்கள் எல்லோரும் ரோட்டோர இருட்டில் ஒதுங்கிவிட வேண்டும். விடிந்துவிட்டால் அடுத்த இருட்டு சாயங்காலம்தான். அன்னதானப் பந்தல்களில் மோர், பானகம், இட்லி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். பெண்கள் சாப்பிடுகிறார்கள், குடிப்பதில்லை. அம்மாவும் குடிக்கவில்லை. நான் கவனிக்கவில்லை.

நத்தம் தாண்டி அம்மாவுக்குத் தலை சுற்றியது. மைல்கல்லில் உட்கார வைத்தேன். எதிர் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் வேணுமா என்று அவர் கேட்கவில்லை. "பாத்ரூம் போகணுமா அம்மா? உள்ள வாங்க" என்றார். அம்மா போய்விட்டு வந்து ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். பின்னாடியே எங்கள் குழுவில் ஒன்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்த அக்கா முகம் சுளிக்கவில்லை. மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டார்.

திண்டுக்கல்லுக்கு அப்புறம் வரும் ஊர்ப்பெயர்களை அதன் பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், பழனிக்கு முன்னால் சத்திரப்பட்டி. நடந்து வருகிறவர்கள் தங்க யாரோ இடம் கொடுத்ததே ஊருக்குப் பெயராகியிருக்கிறது. இன்றைக்கு அந்த ரோட்டில் பந்தலுக்குப் பஞ்சமில்லை, உபயதாரர் பெயர் போட்ட ஃபிளெக்ஸுக்கும் பஞ்சமில்லை. கதவும் தாழ்ப்பாளும் உள்ள கக்கூஸைத்தான் உபயம் செய்ய ஆளில்லை.

மலையேறி இறங்கியதும் படிக்கட்டில் உட்கார்ந்து ஷீட்டைத் திறந்தேன். லாட்ஜ் பத்தியை அழித்தேன். பெண்கள் போகக்கூடிய பெட்ரோல் பங்க், மண்டபம், பள்ளிக்கூடம் என்று நினைவில் இருந்ததையெல்லாம் கிலோமீட்டர் கணக்கோடு எழுதினேன். நத்தத்துக்கு நேராக 'பச்சைக் கேட் அக்கா' என்று போட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "அடுத்த வருஷம் அந்தப் புள்ளைக்குப் பஞ்சாமிர்தம் வாங்கிட்டுப் போகணும்."

"பஞ்சாமிர்தம் பழனியிலதானே கிடைக்கும்? அவங்க வீடு வழியில வருதேம்மா."

"அப்ப திரும்பும்போதும் நடந்துருவோம்" என்றார்.