பேசாத வாயு

இவ்வாண்டு எங்கள் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு, ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐவர் விண்வெளி ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டோம். கறுப்புத் தாள் ஒட்டிய பெட்டி, உள்ளே பஞ்சு மேகம், நான்கு சிறு விளக்குகள். சிஸ்டர் எட்டிப் பார்த்து, "எங்கேம்மா ஹைட்ரஜன்? காணோமே!" என்றார்கள். விஞ்ஞானிகளும் பல்லாண்டுகள் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

விண்மீன்கள் பிறப்பது குளிர்ந்த வாயு மேகங்களில். அங்கே ஹைட்ரஜன் அணுக்கள் தூசித் துகள்களின்மேல் சந்தித்து, இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாகின்றன. தனி அணு 21 செ.மீ. வானொலி அலையை அனுப்பித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சேர்ந்த பிறகோ, இரண்டும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருப்பதால், சுமார் மைனஸ் 263 டிகிரிக் குளிரில் அது ஏறக்குறைய ஊமை. புற ஊதாக் கதிரை விழுங்கும். ஆனால் அந்தக் கதிரை நம் காற்று மண்டலம் கீழே விடுவதில்லை. ஆகவே 1970-இல் ஜார்ஜ் கரூதர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ராக்கெட்டில் கருவியை அனுப்பி, ஒரு விண்மீனின் ஒளியில் அது விழுங்கிய தடத்தை முதன்முதலாகக் கண்டார். அடர்ந்த மேகத்துக்குள்ளோ அந்தக் கதிரும் நுழையாது!

இதையெல்லாம் எப்படிச் சொல்வதென்று நாங்கள் விழித்தபோது, எங்களுள் ஒருத்தி வாய் திறந்தாள். அவள் தந்தை நாமக்கல்லில் லாரி ஓட்டுபவர். அவளுக்குப் பேச வராது என்று நாங்களே முடிவு செய்து, தாள் ஒட்டும் வேலையை மட்டும் கொடுத்திருந்தோம். (எழுதவே வெட்கமாக இருக்கிறது.)

"எங்க அப்பா நாக்பூர் போனாலும் கௌஹாத்தி போனாலும் போனில் பேசமாட்டார், சிஸ்டர். கூடப் போகிற கிளீனர் மாமாதான் பேசுவார். அவர் இருக்கிற இடத்தை வைத்து அப்பா இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்வோம். இந்த மேகத்தில் கார்பன் மோனாக்சைடுதான் கிளீனர்!"

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்கள். விளக்கம் அவ்வளவு சரி. பத்தாயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஏறக்குறைய ஒன்று என்ற அளவில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு, 2.6 மில்லிமீட்டர் அலையில் ஓயாமல் பேசுகிறது. அந்தப் பேச்சு முதலில் கேட்டதும் 1970-இல்தான். பக்கத்துப் பெங்களூரில் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தார் 10.4 மீட்டர் தட்டு அமைத்து இத்தகைய அலைகளைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் கிளீனர் சொல்வதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்குமே. அதனால் ஹைட்ரஜன் எவ்வளவு என்ற கணக்கில் இன்றும் சிக்கல் உண்டு.

மறுநாள் பெற்றோர் வந்தார்கள். அவளே எல்லாருக்கும் விளக்கினாள். அவள் அப்பா பெட்டியருகே வெகுநேரம் நின்றார், ஒன்றும் பேசவில்லை. உடன் வந்திருந்த கிளீனர் மாமாதான் கேள்விமேல் கேள்வி கேட்டார்.