மழைமானியும் குச்சிக் காளானும்

ஆய்வேட்டின் மூன்றாம் இயல் ஏன் இன்னும் முடியவில்லை என்று நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தனித்தனியே விடை சொல்வதைவிட இங்கே ஒரே முறை எழுதிவிடுகிறேன். பதிவு சற்று நீளும்.

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், தீர்த்தன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சிற்றூரில் நான்கு ஆண்டுகளாக எனக்குக் களப்பணி. மழையும் குளிரும் காட்டுக் காளான் சேகரிப்பை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதே ஆய்வுப்பொருள். அந்தக் காளானுக்கு இங்கே குச்சி என்று பெயர். முதன்முதலில் தொலைபேசியில் சொன்னபோது, "குச்சி பொறுக்கவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று அம்மா கேட்டார். இன்றுவரை அவர் அந்த நகைச்சுவையை விடவில்லை.

மோர்செல்லா என்னும் பேரினத்தைச் சேர்ந்த குச்சியின் தலை தேனடைபோல் குழிகுழியாக இருக்கும். உள்ளே வெறும் கூடு. தேவதாரு, பைன் மரங்களின் அடியில், மட்கிய இலைகளின் நிறத்திலேயே நிற்பதால், பழகாத கண்ணுக்கு அது தென்படுவதே இல்லை. மார்ச் மாதத்தில் தாழ்வான சரிவுகளில் தொடங்கும் பருவம், பனி உருகி விலக விலக மேலே ஏறி, மே மாதத்தில் உயர்ந்த காடுகளை அடைகிறது. பறித்ததை நூலில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். பத்துக் கிலோ பச்சைக் காளான் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். 1999இல் பெரிய இமாலயத் தேசியப் பூங்காவின் இறுதி அறிவிக்கை வெளிவந்தபின் உள்காடு சேகரிப்போருக்குச் சட்டப்படி மூடப்பட்டுவிட்டது. ஊரை ஒட்டிய சரிவுகளையே இப்போது எல்லாரும் நம்பியிருக்கிறார்கள்.

நான் தங்கியிருக்கும் வீட்டுத் தலைவியைச் சாச்சி என்று அழைப்பேன். இரண்டாம் ஆண்டின் மார்ச் இறுதியில் ஒரு மாலை, அவர் என் மடிக்கணினியைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: "பேட்டா, இத்தனை நாளாக மழையை எண்ணிக்கொண்டிருக்கிறாயே, இந்த முறை குச்சி வருமா? இல்லையென்றால் நானும் மருமகளும் கீழூரில் பட்டாணி பறிக்கக் கூலிக்குப் போய்விடுவோம்." பேத்தியின் செவிலியர் கல்லூரிக் கட்டணம் மே மாதத்தில் கட்ட வேண்டியிருந்தது.

நான் அட்டவணையைத் திறந்தேன். சனவரி முதல் மார்ச் வரையிலான மொத்தப் பொழிவு, என்னிடம் இருந்த பல்லாண்டுச் சராசரியை ஏறக்குறைய எட்டியிருந்தது. "வரும் சாச்சி, காட்டுக்கே போங்கள்" என்றேன். எத்தனை எளிதாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இருவரும் பதினொரு நாள் விடியற்காலையில் ஏறி, இருட்டும் வேளையில் இறங்கினார்கள். முதுகிலிருந்த கில்டாக் கூடைகளில் பெரும்பாலும் சுள்ளியே வந்தது. எல்லாம் உலர்ந்தபின் 300 கிராம். அவ்வாண்டு ஊருக்கு வந்த வியாபாரி கிலோவுக்கு 8,000 ரூபாய் என்று கணக்கிட்டு 2,400 ரூபாய் கொடுத்தார். பட்டாணிக் கூலி ஆளுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய். இருவருக்கும் பதினொரு நாளுக்கு 8,800. என் சொல்லின் விலை 6,400 ரூபாய்.

சாச்சி கோபப்படவில்லை. ஒன்றுமட்டும் கேட்டார்: "வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வடக்குச் சரிவில் இந்த ஆண்டு பனி எத்தனை நாள் கிடந்தது?" என் ஏட்டில் அதற்குக் கட்டமே இல்லை. எட்டு நாள் என்று அவரே சொன்னார். நல்ல ஆண்டில் ஒரு மாதத்திற்குமேல் கிடக்குமாம்.

நிகழ்ந்தது இதுதான். மழைமானி, பனியையும் உருக்கி நீராகவே கணக்கிடுகிறது. புதிதாய் விழுந்த 40 சென்டிமீட்டர் பனி, தோராயமாக 40 மில்லிமீட்டர் நீர். அது மூன்று வாரம் சிறுகச்சிறுக உருகி மண்ணில் இறங்கினாலும், மார்ச் கடைசியில் ஒரே இரவில் மழையாகக் கொட்டிச் சரிவில் ஓடி ஆற்றில் கலந்தாலும், என் தாளில் இரண்டும் ஒரே எண். அவ்வாண்டு சனவரியும் பிப்ரவரியும் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றுச் சுழற்சிகள் தாமதமாக வந்து, பனிக்குப் பதில் மழையைக் கொட்டிவிட்டுப் போயின. 2024 சனவரியில் குல்மார்க்கின் பனிச்சறுக்குச் சரிவுகள் வெறும் புல்லாகக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கண்டவர்கள் சுற்றுலாவை நினைத்தார்கள். நான் குச்சியை நினைத்தேன்.

குச்சியின் பூஞ்சை இழைகள் மண்ணுக்குள் ஸ்கிளிரோஷியா எனப்படும் கெட்டியான சிறு கட்டிகளாகத் திரண்டு குளிரைக் கடக்கின்றன. மேலே பனி கிடந்தால் அது போர்வைபோல் மண்ணைக் கடுங்குளிரிலிருந்து காத்து, உறைநிலைக்கு அருகிலேயே வைத்திருக்கும். பிறகு ஈரம் குறையாமல் மண் மெல்லச் சூடேறிப் பத்துப் பாகை செல்சியஸை நெருங்கும்போது காளான் தலைநீட்டும். சீனாவில் இவ்வினத்தை வயலில் பயிரிடுகிறவர்களும் குளிர்காலத் தொடக்கத்தில் விதைத்து இளவேனிலில்தான் அறுக்கிறார்கள். குளிர் போதாமல் மண் திடீரெனச் சூடேறினால் பருவமே சுருங்கிவிடுகிறது. முளைத்ததும் வறண்ட காற்று வீசினால் இருப்பதும் சருகாகிறது.

இடி இடித்தால் குச்சி முளைக்கும் என்று இங்கே நம்புகிறார்கள். நம் ஊரிலும் காளானைப் பற்றி இதையே சொல்வார்கள். இடிக்கும் நிலத்தடிக் காளானுக்கும் என்ன உறவு என்று புளூட்டார்க்கும் ஆராய்ந்திருக்கிறார். ஜப்பானின் இவாதே பல்கலைக்கழகத்தில் உயர் மின்னழுத்தம் செலுத்தி ஷிடாக்கே விளைச்சல் கூடியதைக் காட்டியிருக்கிறார்கள். குச்சிக்கும் அது பொருந்துமென்று அதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. எனக்குத் தோன்றுவது எளிமையானது: இளவேனில் இடி, மண் சூடேறத் தொடங்கும் நாள்களில் மழையோடு சேர்ந்தே வருகிறது. அது ஒரு நாள்காட்டி. அந்த நாள்காட்டியை நான் நாட்டார் நம்பிக்கை என்று அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன்.

அந்த இயலைக் கிழித்துவிட்டேன். இப்போது பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் மண் வெப்பமானி வைத்திருக்கிறேன். மூன்று சரிவுகளில் பனி கிடக்கும் நாள்களைச் சாச்சியும் அண்டை வீட்டாரும் சுவர் நாள்காட்டியில் கோடிட்டு வைக்கிறார்கள். இரண்டு பருவத்துக் கோடுகள் சேர்ந்துள்ளன. அவற்றைத் தரவாக ஏற்க இயலுமா என்று மதிப்பீட்டாளர் ஒருவர் ஐயம் எழுப்பியிருக்கிறார். காளான் விளையும் இடங்களின் துல்லிய ஆயங்களையும் கேட்கிறார். முதல் கேள்வி நியாயமானது. மூன்றாம் பருவம் முடியட்டும், விடை சொல்கிறேன். இரண்டாவதைத் தரமாட்டேன். சாச்சி தன் மருமகளுக்கே சில இடங்களைப் போன ஆண்டுதான் காட்டினார்.

6,400 ரூபாயைக் கொடுக்க முயன்றேன்; வாங்கவில்லை. பேத்தியின் கட்டணத்திற்குக் கடன் வாங்கினார்கள், அடைத்தும் விட்டார்கள். இந்த ஆண்டு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேற்று வெப்பமானி ஏழு பாகை காட்டியது. வடக்குச் சரிவில் இன்னும் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. சாச்சி கில்டாவின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

காஷ்மீரிலோ கட்வாலிலோ களப்பணி செய்யும் நண்பர்கள், பனி கிடந்த நாள்களை ஊரார் குறித்துவைத்த ஏடு எதையேனும் கண்டிருந்தால் தெரிவியுங்கள். நாள்காட்டிக் கிறுக்கலாக இருந்தாலும் சரி.