பழைய மின்சாரக் காரும் நம் பெண் பிள்ளைகளும்

மின்சாரக் கார் இப்போது வந்த புதுமை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நூறு வருடங்களுக்கு முன்னரே அது அமெரிக்க வீதிகளில் ஓடியிருக்கிறது. அந்நாளில் பெற்றோல் காரை இயக்க, முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுழற்ற வேண்டும். கை முறிந்தவர்களும் உண்டு. அதனால் மின்சாரக் காரைப் பெண்களுக்கு ஏற்றது என்று விற்றார்கள். பெற்றோல் கார் செய்த ஹென்றி ஃபோர்ட்டின் மனைவி கிளாராவிடமே 1914ஆம் ஆண்டின் 'டிட்ரொயிட் எலெக்ட்ரிக்' ஒன்று இருந்தது. 1912இல் கடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்து, பிறகு மற்றக் கார்களுக்கும் பரவியதும் அதன் மவுசு குறைந்தது.

அந்தப் பழைய கார்களைத் திருத்தி ஓடவைப்பது இன்று சிலருக்குப் பொழுதுபோக்கு. மோட்டாரில் தேய்ந்த காபன் பிரஷை மாற்றுவது, பச்சை பூத்த இணைப்புகளைச் சுத்தம் செய்வது, பழுதான பற்றரிகளை மாற்றுவது. பற்றரி பாரமானது, உள்ளே அசிட் உண்டு. கையுறையும் துணைக்கு ஓராளும் வேண்டும். மற்றதெல்லாம் பொறுமைதான்.

பொறுமை நமக்குப் புதிதல்ல. 1990இல் வடக்கிலிருந்து வெறுங்கையோடு புத்தளம், கற்பிட்டிக் கரைக்கு வந்த பெண்கள் அதைக் கொண்டே குடும்பங்களை நிமிர்த்தினார்கள். ஆனால் மகளுக்கொரு தொழில் என்றால் தையல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

"மிஸ், மகள் வாகன மின்வேலை படிக்கக் கேக்கிறா. ஆம்பிளைகள் மத்தியில எப்பிடி விடுறது?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவருடைய பயம் நியாயமானது. "தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். தோழி ஒருத்தியையும் சேர்த்து அனுப்புங்கள்" என்றேன்.

பெண்களுக்கென்று கார் விற்ற காலத்திலும் அதைத் திருத்தும் கூலி பெரும்பாலும் ஆண்களுக்கே போனது. இனி அது நம் பிள்ளைகளின் கைக்கும் வரட்டும்.