எமரியைக் கீழே வை

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் நான் செய்த ஒரு காரியத்திலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். அம்பத்தூர் ஓ.டி.யைத் தாண்டி, சி.டி.எச். சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த பைக் மெக்கானிக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் எப்போதும் நாலைந்து ஆர்எக்ஸ் 100, ஒரு யெஸ்டி, ஒன்றிரண்டு பழைய எக்ஸ்எல் சூப்பர் நிற்கும்; தேடி வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு ஒரு சுசுகி சாமுராயைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிக்கர் இறங்கவில்லை. கடையை நடத்திய அண்ணன் சாமான் வாங்க ஜி.பி. ரோடு போயிருந்தார். ஐ.டி.ஐ. முடித்த தைரியத்தில் நானே ஹெட்டைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி பிளாக்கை உருவினேன். பிஸ்டனின் பக்கவாட்டில் சாம்பல் நிறத்தில் கோடுகோடாக இழுத்திருந்தது. அவர் வருவதற்குள் சுத்தம் செய்து வைப்போம் என்று எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, துணி விரித்து அதன்மேல் வைத்தேன்.

அண்ணன் வந்து பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இதுல கோடு எந்தப் பக்கம் இருந்துச்சு? சைலன்சர் பக்கமா, கார்பரேட்டர் பக்கமா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மேல் முகம் என்ன கலர்ல இருந்துச்சு?"

அதுவும் தெரியவில்லை.

"எமரியைக் கீழ வை. இனிமே பிஸ்டன் வெளிய வந்தா நான் பாக்குற வரைக்கும் துணியாலகூடத் தொடாத."

அந்த சாமுராய்க்குப் புது பிஸ்டன் போட்டு அனுப்பினோம். நாற்பது நாளில் அதே போல் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. காரணத்தைக் காட்டியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை நான் அழித்திருந்தேன். அந்த வண்டிக்காரர் இரண்டாவது தடவை எண்ணிக் கொடுத்த பணம் இன்றைக்கும் என் மனதை விட்டுப் போகவில்லை.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் எப்படிப்பட்ட இடத்தில் ஓடுகிறது என்பதை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்வோம். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி; 98 சிசி; போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50. அதன் முழு பலம் வருகிற 7,500 ஆர்பிஎம்மில் பிஸ்டன் நொடிக்கு 125 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் போலக் கீழே ஆயில் தேங்கி நின்று தெளிக்காது. பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள் வந்து, அங்கிருந்துதான் மேலே ஏறுகின்றன. பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கிடைக்கிற ஆயில் அந்தப் பெட்ரோலோடு சேர்ந்து வருவதுதான். பிஸ்டனின் சூட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போவதும் அதே பெட்ரோல்தான்.

பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் ஸ்லீவ் வார்ப்பிரும்பு. 100 டிகிரி சூடு கூடினால் 50 மில்லிமீட்டர் பிஸ்டன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் விரியும். இரும்பு அதில் பாதிதான் விரியும். இரண்டுக்கும் நடுவே லேத் கடையில் நாம் விடச் சொல்கிற இடைவெளியே 0.04 மில்லிமீட்டர் அளவுதான், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. சூடு கணக்கை மீறினாலும், நடுவில் இருக்கிற ஆயில் படலம் கிழிந்தாலும் அலுமினியம் இழுபட்டு இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. இதைத்தான் 'சீஸ்' என்றும், 'ஜாம் ஆயிடுச்சு' என்றும் சொல்கிறோம்.

அண்ணன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் போரிங் மெஷினில் ஆறு வருடம் நின்றவர். செம்பியத்தில் 1949-லிருந்து பிஸ்டன் ஆலை இருக்கிற ஊர் இது; பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ். அந்தப் பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்த கைகள்தான் பேட்டையின் சின்ன லேத்துகளில் மாலை நேரத்தில், தேய்ந்த ஸ்லீவை அடுத்த அளவு பிஸ்டனுக்கு வெட்டி, ரீபோர் செய்து கொடுத்தன. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை மரியாதையோடு பார்க்கிற பழக்கம் அவருக்கு அங்கிருந்து வந்தது.

கடையில் ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பா இருந்தது. உள்ளே செத்த பிஸ்டன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, வண்டி, தேதி, காரணம் எழுதி வைத்திருப்பார். சாமுராய் விஷயத்துக்குப் பிறகு ஒரு மாதம், மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த டப்பாவை என் முன்னால் கவிழ்ப்பார். டேப்பை மறைத்துக்கொண்டு, "சொல்லு" என்பார்.

நான் முதலில் சரியாகச் சொன்னது நாலு மூலை பிஸ்டன். பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னின் ஓட்டைக்கு இரு புறமும், நாலு இடத்தில் மட்டும் செங்குத்தாகத் தடம். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும். பின் உட்காரும் இடத்தில் உலோகம் கனமாக இருப்பதால் அங்கேதான் விரிவு அதிகம். காலையில் ஸ்டார்ட் ஆன உடனே முறுக்கினால் பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரிந்துவிடும். வெளியே ஃபின் போட்ட பிளாக் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். ரீபோர் செய்தபோது இடைவெளியை இறுக்கமாக விட்டிருந்தாலும் இதே தடம்தான் வரும். ஆகவே இந்தத் தடத்தைப் பார்த்தால், வண்டிக்காரரிடம் காலை நேரப் பழக்கத்தையும், லேத்காரரிடம் அளவையும் கேட்க வேண்டும்.

சுற்றிலும் எல்லாப் பக்கமும் வறண்டு இழுத்திருந்தால் ஆயில் இல்லை. ஆயில் டேங்க் காலி, அல்லது பம்ப் குழாயில் காற்று, அல்லது பம்ப் கேபிள் தளர்ந்திருக்கிறது. யெஸ்டி போலப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் வண்டி என்றால் அவசரத்தில் ஆயில் விடாமல் பங்கில் நிரப்பியிருப்பார்கள். மேல் முகத்தின் விளிம்பு கரையான் அரித்தது போலப் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தால் டைமிங் முன்னால் போய் இன்ஜின் தட்டியிருக்கிறது.

கார்பரேட்டர் பக்கம் மட்டும் மெல்லிய கீறல்கள் இருந்த ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் விழித்தேன். டேப்பில் '2024 ஜனவரி' என்று இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் மூழ்கியபோது தண்ணீரில் கிடந்த வண்டி. ஏர் ஃபில்டரில் புகுந்த சேற்றைச் சரியாகக் கழுவாமல் ஓட்டியிருக்கிறார்கள். காய்ந்த மண் பொடி உள்ளே இழுக்கப்பட்டு, நுழைகிற பக்கத்திலேயே பிஸ்டனை அறுத்திருக்கிறது. சூட்டினால் வந்த தடத்தில் உலோகம் பூசியது போல இருக்கும். மண் அறுத்த தடம் ஊசியால் கிழித்தது போல இருக்கும். விரல் நகத்தை ஓட்டினாலே வித்தியாசம் தெரியும்.

இதையெல்லாம் நிஜமாகச் சோதித்தது ஆவடியிலிருந்து வந்த ஒரு ஆர்எக்ஸ் 100. அதன் சொந்தக்காரர் பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். ஒரே வருடத்தில் இரண்டு தடவை பிடித்து, வேறொரு கடையில் இரண்டு தடவை ரீபோர் செய்திருந்தார். பிஸ்டன் 0.50 ஓவர்சைஸுக்கு வந்துவிட்டது. மூன்றாவது தடவை நசரேத்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையில் எழுபதில் போகும்போது பின் சக்கரம் இறுகி இழுத்திருக்கிறது. இடது கை விரல் கிளட்சில் இருந்ததால் உடனே பிடித்துத் தப்பித்தார். பின்னால் லாரி வந்துகொண்டிருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. பிஸ்டன் பிடிப்பது செலவு மட்டுமல்ல, உயிர் விஷயம் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிற யாரைப் பார்த்தாலும், வேகத்தில் போகும்போது இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கட்டும் என்று நான் சொல்லாமல் விடுவதில்லை.

அண்ணன் ஸ்பானரைத் தொடவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். கிளம்பி எவ்வளவு தூரத்தில் பிடித்தது? முறுக்கிக்கொண்டிருந்தபோதா, ரேஸை விட்டபோதா? ஆயில் கடைசியாக எப்போது ஊற்றினீர்கள்? பிறகு, "அதுக்கு முன்னாடி வண்டி எதாவது வேற மாதிரி நடந்துக்கிச்சா சார்?"

"சிக்னல்ல நின்னா ரேஸ் உடனே இறங்காது மாஸ்டர். கொஞ்ச நேரம் தொங்கிட்டு அப்புறம்தான் இறங்கும். ஐடிலிங் ஸ்க்ரூவைக் குறைச்சுக் குறைச்சு ஓட்டுனேன்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது.

பிளாக்கை உருவினோம். தடம் சைலன்சர் பக்கம். மேல் முகம் சாம்பல் வெளுப்பு, பிளக் முனையும் வெளுப்பு. பெட்ரோல் குறைந்து, காற்று கூடி எரிந்த நிறம். கார்பரேட்டரைப் பிரித்தேன், ஜெட் சுத்தம், ஃப்ளோட் அளவு சரி. அப்படியென்றால் காற்று கார்பரேட்டரைத் தாண்டிய இடத்தில் நுழைய வேண்டும்: இன்டேக் ரப்பர், பேஸ் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல்.

இதைக் கண்டுபிடிக்க அண்ணன் வைத்திருந்த கருவி, ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய மெஷினின் ரப்பர் பல்பும் முள் காட்டும் டயலும். பிளாக்கைத் தற்காலிகமாக மாட்டி, பிஸ்டனைக் கீழே இறக்கி, சைலன்சர் வாயைச் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து அடைத்தோம். பல்பின் குழாயைக் கார்பரேட்டர் உட்காரும் ரப்பரில் இறுக்கிக் கட்டினோம். அந்தப் பக்கத்திலிருந்துதான் ஊத வேண்டும். ஆர்எக்ஸில் ரீட் வால்வு இருக்கிறது. அது உள்ளே மட்டுமே விடும். பிளக் ஓட்டை வழியாக ஊதினால் ரீட் மூடிக்கொண்டு, ரப்பரில் இருக்கிற விரிசலை மறைத்துவிடும்.

டயலில் 280 வரை ஏற்றினேன். நல்ல இன்ஜின் என்றால் ஆறு நிமிடம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். முள் என் கண் முன்னாலேயே சரிந்தது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். ரப்பரில் ஒன்றுமில்லை. பேஸில் ஒன்றுமில்லை. கிளட்ச் பக்கச் சீல் ஒழுகியிருந்தால் கியர் ஆயில் உள்ளே போய் வெள்ளைப் புகை தள்ளியிருக்கும். அந்தப் புகார் இல்லை. இடது பக்கம் மேக்னெட்டைப் புல்லர் போட்டுக் கழற்றி, கிராங்கைச் சுற்றித் தடவினேன். சீலின் உதட்டில் சின்னச் சின்னக் குமிழிகள், மீன் வாய் போலத் திறந்து மூடின. நான் கத்திவிட்டேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அதே இடத்தில் இருந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது. இரண்டு ரீபோரிலும் யாரும் மேக்னெட் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. சின்னச் சீல் ஒன்று மாற்றாமல், அந்த மனிதருக்கு இரண்டு பிஸ்டன், இரண்டு ரீபோர், ஏறக்குறைய ஒரு உயிர் ஆகியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. 2023-லிருந்து பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிய பிறகு இதை இன்னும் கவனிக்க வேண்டியிருக்கிறது. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்ஸிஜன் வைத்திருப்பதால், பழைய ஜெட் அப்படியே இருந்தால் எரிவது காற்று மிகுந்து எரிவது போலத்தான். பழைய ரப்பருக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. அந்த வண்டிக்கு இரண்டு பக்கச் சீலையும் மாற்றி, மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டினோம்.

போர் தேறுமா என்று பார்க்க முதலில் ஸ்லீவில் ஒட்டியிருந்த அலுமினியத்தை எடுத்தோம். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு அந்தத் தடத்தில் மட்டும் வைத்தால் அலுமினியம் நுரைத்துக் கரையும். நுரை நின்ற நொடியே கழுவி ஆயில் தடவ வேண்டும். விட்டால் இரும்பையும் தின்னும். பிறகு ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, மேலே ஒரு இடத்திலும் கீழே ஒரு இடத்திலும் அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தேன். இரண்டுக்கும் 0.2 மில்லிமீட்டர் வித்தியாசம். அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் 0.06 தேய்மானம். தேறாது. 0.75 போக வேண்டும்.

பிஸ்டனைக் கையில் கொடுத்துத்தான் ரீபோர் செய்யச் சொல்ல வேண்டும். அட்டையில் எழுதியிருக்கிற அளவை நம்பி வெட்டக் கூடாது. பேட்டையிலிருந்து பிளாக் திரும்பி வந்ததும் அண்ணன் எனக்குக் கொடுத்த வேலை போர்ட் விளிம்புகள். வெட்டிய பிறகு அவை கத்தி போல இருக்கும். அப்படியே மாட்டினால் ரிங் கடந்து போகும்போதெல்லாம் மாட்டும். சின்னச் சாணைக்கல்லை வைத்து ஒவ்வொரு விளிம்பையும் கையால் லேசாக மழுக்கினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க பிஸ்டனை மாட்டி, புது சர்க்லிப் போட்டு, மறுபடியும் பல்பை ஊதினேன். முள் நின்றது. ஆறு நிமிடம் கடிகாரத்தையும் டயலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் 500 கிலோமீட்டர் ஐம்பதைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நிறுத்தாமல், ஏற்றியும் இறக்கியும் ஓட்டச் சொல்லி அனுப்பினோம். சிக்னலில் ரேஸ் தொங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போன் செய்யச் சொன்னோம்.

ஐந்து வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். அண்ணன் சைலன்சரை மட்டும் கழற்றச் சொல்லி டார்ச்சை என் கையில் கொடுத்தார். எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகப் பார்த்தேன். கிக்கரை மெதுவாக இறக்க இறக்க பிஸ்டன் கடந்து போனது. பக்கவாட்டில் இழுப்பு எதுவும் இல்லை. அதைத் தாண்டி ஸ்லீவில் ஹோனிங் செய்த குறுக்குக் கோடுகள் இன்னும் இருந்தன. இடது ஓரத்தில் மட்டும் ஒரு கடுகளவு இடம் மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாக மின்னியது. அண்ணனிடம் காட்டினேன். அவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஆயிரத்துல மறுபடியும் வரச் சொல்லு. அன்னிக்கும் நீயே பாரு."

பழைய பிஸ்டனை எடுத்து டேப் ஒட்டினேன். ஆர்எக்ஸ் 100, ஆவடி, மேக்னெட் பக்க சீல் என்று எழுதித் தேதி போட்டு, டப்பாவில் வைத்தேன்.