ஆர்க்டிக் பனியும் நான் தோத்த பிரியாணியும்

பதிவு போட்டு மூணு மாசமாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். நடுவுல ஒரு கல்யாண வீட்டுல என் அக்கா பையன்கிட்ட செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதை இங்க கொட்டலைன்னா எனக்குத் தூக்கம் வராது. கொஞ்சம் நீளமான பதிவுதான், டீயோட உட்காருங்க.

கதை 2012ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் செப்டம்பர்ல ஆர்க்டிக் கடல் பனியோட பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் குறைஞ்சிடுச்சு. 1979லேர்ந்து செயற்கைக்கோள் அளவுகள் தொடர்ச்சியா இருக்கு. அதுல அவ்வளவு குறைவா இருந்ததே இல்லை. 1980கள்ல இதே செப்டம்பர்ல 70 லட்சம் வாக்குல இருந்த பனி. பாதி காலி!

நான் என்ன பண்ணினேன்? கடைசி நாலு வருஷத்து அளவுகளை மட்டும் எடுத்து எக்ஸெல்ல போட்டேன். மேல ஒரு கோடு இழுத்தேன். கோடு சறுக்கு மரம் மாதிரி இறங்கி 2018-2019 வாக்குல பூஜ்யத்தைத் தொட்டுச்சு. அப்ப சில ஆராய்ச்சியாளர்களே 2013, 2016ன்னு நாள் குறிச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் கேட்கணுமா? நேரா அக்கா வீட்டுக்குப் போய் அத்தான்கிட்ட பந்தயம் கட்டிட்டேன். "2020க்குள்ள ஒரு செப்டம்பராவது ஆர்க்டிக்ல பனியே இருக்காது அத்தான். இருந்தா உங்க எல்லாருக்கும் என் செலவுல பிரியாணி."

பக்கத்துல ஏழு வயசு மருமகன் கண்ணை உருட்டிக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தான். "அப்ப பனிக்கரடி எல்லாம் எங்க மாமா போகும்?"ன்னான். நானும் சோகமா தலையை ஆட்டினேன்.

2020 செப்டம்பர் வந்துச்சு. பனி குறைஞ்சதுதான், ஆனாலும் 37 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு ஜம்முனு மிதந்துக்கிட்டு இருந்துச்சு. ஊரடங்கு முடிஞ்சதும் அத்தான் மறக்காம பிரியாணியை வசூல் பண்ணிட்டார்.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இப்ப மருமகன் இன்ஜினியரிங் படிக்கிறான். கல்யாண வீட்டுப் பந்தியில அவன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி சொல்றான்: "மாமா, நீங்க அன்னிக்கு சொன்னதைக் கேட்டு ரெண்டு நாள் அழுதேன். 2025 செப்டம்பர்லயும் 46 லட்சம் இருந்துச்சு. அந்த 2012 ரெக்கார்டே இன்னும் உடையல. அதுலேர்ந்து இந்த க்ளைமேட் பேச்சு எதையும் நான் நம்புறதில்ல. கம்ப்யூட்டர்ல என்ன வேணாலும் போட்டு என்ன வேணாலும் காட்டலாம். நீங்களே காட்டினீங்களே!"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். ஆனா சுருக்குன்னு இருந்துச்சுங்க. பிரியாணி போனா போகுது. நான் இழுத்த ஒரு கோடு, ஒரு பையனை விஞ்ஞானத்து மேலேயே நம்பிக்கை இல்லாம பண்ணியிருக்கே.

வீட்டுக்கு வந்து, கடல் பனிக்கு உண்மையிலேயே எப்படி மாடல் போடறாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல உறைச்ச விஷயம் இதுதான்: நான் 2012ல போட்டது மாடலே இல்லை. அது வெறும் ஸ்கேல் வெச்சு இழுத்த கோடு. கோட்டுக்கு பனின்னா என்னன்னே தெரியாது.



மாடலுக்குத் தெரியும். 1971ல மேகட், உன்டர்ஸ்டைனர்னு ரெண்டு பேர் பனியில ஒரே ஒரு செங்குத்துத் துண்டை எடுத்துக்கிட்டாங்க. மேலேர்ந்து வெயில், பனிப்பொழிவு. கீழேர்ந்து கடலோட சூடு. நடுவுல உப்புத்தண்ணி சிக்கியிருக்கிற பனி. வெப்பம் எவ்வளவு உள்ள போகுது, எவ்வளவு வெளிய வருதுன்னு கணக்குப் போட்டாங்க. பனி வருஷா வருஷம் வளர்ந்து கரைஞ்சு, கடைசியில சுமார் மூணு மீட்டர் கனத்துல நிலைச்சு நின்னுச்சு. அந்தக் காலத்து ஆர்க்டிக்ல நடுக்கடல் பனியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆனா பனி ஒரே இடத்துல நிக்காதே. 1893லேர்ந்து 1896 வரைக்கும் நான்சென் தன்னோட ஃப்ராம் கப்பலை வேணும்னே பனியில உறைய விட்டு மிதந்து போனார். அப்பவே அவர் கவனிச்சது, பனி காத்தடிக்கிற திசையில போகாம கொஞ்சம் வலது பக்கமா ஒதுங்கிப் போகுதுன்னு. பூமி சுத்தறதால வர்ற விளைவு அது. காத்து, நீரோட்டம், பூமியோட சுழற்சி, பனித்தட்டுகள் ஒண்ணோட ஒண்ணு மோதி மேடா குவியறது, இதெல்லாத்தையும் சேர்த்து 1979ல ஹிப்லர் ஒரு மாடல் போட்டார். இன்னிக்கு ஓடற பெரிய மாடல்கள்ல பல அந்தப் பரம்பரைதான். கடலைக் கட்டம் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் மெலிசான பனி எவ்வளவு, தடியான பனி எவ்வளவு, மேல தேங்கின தண்ணி எவ்வளவுன்னு கணக்கு. நிரல் இன்னமும் ஃபோர்ட்ரான்லதான் ஓடுதுங்கறது நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்கான உபரித் தகவல் :-)

மிதக்கிற பனி உருகினா கடல் மட்டம் ஒண்ணும் பெருசா ஏறாதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு கவலைன்னு கேட்கலாம். உண்மைதான், கடல் மட்டத்தை ஏத்தறது கிரீன்லாந்து மாதிரி தரையில கிடக்கிற பனி. கடல் பனியோட வேலை வேற. அது ஒரு கண்ணாடி. வர்ற வெயில்ல பாதிக்கு மேல திருப்பி அனுப்பிடும். மேல புதுப்பனி விழுந்திருந்தா நூத்துக்கு 80, 90 வரைக்கும் கூட. திறந்த கடல் திருப்பி அனுப்பறது சுமார் 6தான். மீதி மொத்தத்தையும் குடிச்சிடும். பனி உருகினா கடல் தெரியும், கடல் சூடாகும், இன்னும் பனி உருகும். புடிகோ, செல்லர்ஸ் ரெண்டு பேரும் தனித்தனியா 1969லயே இதைக் கணக்குல கொண்டு வந்துட்டாங்க. 1979லேர்ந்து ஆர்க்டிக் உலக சராசரியைவிட கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகமா சூடாகுது. அதுக்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

இதுக்குத் தமிழ்ல என்ன பேர் தெரியுமா? பின்னூட்டம்! நம்ம ஆளுங்க பின்னூட்டத்துக்காக என்ன பாடு படறோம், ஆர்க்டிக் சும்மாவே வாங்கிக் குவிக்குது. ஆனா அங்க நேர் பின்னூட்டம்தான் ஆபத்து, எதிர்ப் பின்னூட்டம்தான் காப்பாத்துது.

நான் கோட்டை விட்டது அந்த எதிர்ப் பின்னூட்டத்துலதான். பனி ஒரு போர்வை மாதிரி. தடியா இருந்தா கடலோட சூடு வெளிய போகாது, அடியில பனி மெதுவாத்தான் வளரும். மெலிசா இருந்தா சூடு சரசரன்னு வெளிய போகும், பனி வேகமா வளரும். மத்ததெல்லாம் சமமா இருந்தா, ரெண்டு மீட்டர் பனி வழியா போற சூட்டைப் போல நாலு மடங்கு அரை மீட்டர் பனி வழியா போகும். கோடையில எக்கச்சக்கமா உருகிட்டா, அடுத்த இருட்டு காலத்துல அந்த இடம் வேகமா உறைஞ்சு பாதியை மீட்டுடும்.

2011ல ஜெர்மனியில மாக்ஸ் பிளாங்க் வானிலை ஆய்வு நிறுவனத்து ஆட்கள் மாடல்ல ஒரு வேலை பண்ணிப் பார்த்தாங்க. ஜூலை 1ஆம் தேதி ஆர்க்டிக் பனி மொத்தத்தையும் அழிச்சிட்டாங்க. சுத்தமா பூஜ்யம். அப்புறம் மாடலை ஓட விட்டா, ரெண்டே வருஷத்துல பனி பழைய இடத்துக்கு வந்து நின்னுடுச்சு.

இதைப் படிச்சதும் எனக்கு வெட்கமாப் போச்சு. நான் பந்தயம் கட்டறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, நான் ஏன் தோப்பேன்னு மாடல் சொல்லியிருக்கு. 2012ல ஆகஸ்ட் மாசம் ஒரு பெரிய புயல் வேற பனியைக் கலக்கியிருக்கு. அது அந்த ஒரு வருஷத்து சங்கதி. அதையும் சேர்த்து கோடு இழுத்தா வேற எங்க போய் நிக்கும்?

ஆனா "பழைய இடம்"னா என்ன? அந்த நேரத்து வெப்பநிலைக்கு எவ்வளவு பனி தாங்குமோ, அந்த இடம். அது வருஷா வருஷம் இறங்கிக்கிட்டே இருக்கு. 1980களின் நடுவுல மார்ச் மாசம் ஆர்க்டிக் பனியில மூணுல ஒரு பங்கு நாலு வயசுக்கு மேற்பட்ட கிழட்டுப் பனி. இப்ப நூத்துக்கு அஞ்சு கூடத் தேறாது. 2012 ரெக்கார்டு உடையலங்கறதும் உண்மை, பனி போய்க்கிட்டே இருக்குங்கறதும் உண்மை.



அப்ப மாடல்கள் தப்பே பண்ணலையா? நிறைய பண்ணியிருக்கு. 2007ல ஜூலியன் ஸ்ட்ரோவ் குழுவினர் கட்டுரையே எழுதினாங்க, மாடல்கள் சொன்னதைவிட பனி வேகமா குறையுதுன்னு. அண்டார்டிகாவுல தலைகீழ். பனி குறையணும்னு பெரும்பாலான மாடல்கள் சொல்ல, அங்க மெல்ல மெல்லக் கூடி 2014ல 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டுச்சு. சந்தேகப் பேர்வழிகளுக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் 2016ல தடாலடியா விழுந்து, 2023 பிப்ரவரியில சுமார் 18 லட்சம்னு வரலாறு காணாத குறைவு. அதையும் யாரும் சரியா முன்கூட்டி சொல்லல.

எனக்குப் பிடிச்சது, அந்தத் தப்பையெல்லாம் மாடல் போட்டவங்களே ஊரறிய எழுதி வெச்சிருக்காங்க. நான் என் எக்ஸெல் கோட்டைப் பத்தி இன்னிக்குத்தான் எழுதறேன். பதிமூணு வருஷத்துக்கு மேல ஆச்சு.

2016ல ஸ்ட்ரோவும் டிர்க் நோட்ஸும் சேர்ந்து இன்னொரு கணக்கு சொன்னாங்க. நாம விடற ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஆர்க்டிக்ல சுமார் மூணு சதுர மீட்டர் செப்டம்பர் பனி போகுது. டபுள் காட் மெத்தையைவிட கொஞ்சம் சின்னது. சராசரி இந்தியர் வருஷத்துக்கு சுமார் ரெண்டு டன் விடறோம். அப்ப ஆளுக்கு ஒரு சின்ன பாத்ரூம் அளவு பனி. எத்தனை கட்டுரை படிச்சும் எனக்கு உறைக்காதது இந்த ஒரு எண்ல உறைச்சுது.



போன ஞாயித்துக்கிழமை மருமகனுக்கு போன் போட்டேன். "டேய், நான் அன்னிக்கு சொன்னது தப்பு. மாடல் தப்பு இல்லை, நான் தப்பு"ன்னு ஆரம்பிச்சு இது எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி மாமா, அப்ப எப்பத்தான் காலியாகும்?"

"2050க்குள்ள ஒரு செப்டம்பராவது 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழ போகும்னு பெரும்பாலான மாடல்கள் சொல்லுது. அதைத்தான் பனியில்லாத ஆர்க்டிக்னு சொல்றாங்க. எந்த வருஷம்னு கேட்காதே. ஒரே மாடலை ஆரம்பத்துல இம்மியளவு மாத்தி பல தடவை ஓட்டினாலே இருபது வருஷம் முன்னபின்ன வருது."

"பந்தயம் கட்டுறீங்களா?"

"மாட்டேன்."

"இருபது வருஷம் முன்னபின்னன்னா அது என்ன மாமா பதில்?"

"தெரிஞ்சது எவ்வளவு, தெரியாதது எவ்வளவுன்னு ரெண்டையும் சொல்ற பதில்டா. நான் அன்னிக்கு அதைத்தான் சொல்லல."

மறுபடியும் அமைதி. நம்பினானான்னு தெரியல. நம்பணும்னு நான் வற்புறுத்தவும் இல்லை. கடைசியில "அந்த எக்ஸெல் ஃபைல் இன்னும் வெச்சிருக்கீங்களா? இருந்தா அனுப்புங்க, பார்க்கிறேன்"னான்.

அனுப்பிட்டேன். மத்த வருஷத்து அளவுகளையும் சேர்த்துத்தான். இன்னும் என்னென்ன தப்பு கண்டுபிடிக்கப் போறானோ!

சரி மக்களே, உங்க ஆருடம் ஏதாவது இப்படிப் பல்லிளிச்சிருக்கா? கூச்சப்படாம பின்னூட்டத்துல சொல்லுங்க. நேர், எதிர் ரெண்டுக்கும் இங்க அனுமதி உண்டு :-)