நிழலில் உலர்வது

எங்கள் ஊரில் பட்டை வெயிலில் காயப்போட மாட்டார்கள். சாயம் தோய்த்த நூலை நிழலில்தான் உலர்த்துவார்கள். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பாவு நீட்டுவதும் வெயில் ஏறுமுன்பே. தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்த எனக்கு இது எழுத்தறிவுக்கு முன் வந்த அறிவு. அவ்வறிவு பச்சிளங்குழந்தையின் விஷயத்தில் மட்டும் எனக்கு ஏன் உதவவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சென்ற பங்குனியில் என் தமக்கை மகளுக்கு எங்கள் வீட்டில்தான் பேறுகாலம். ஐந்தாம் நாள் குழந்தையின் கண்கள் மஞ்சளாயின. "காலை வெயில்ல காட்டுங்கடா, தானா எறங்கிடும்" என்றார் அம்மா. பெண் தயங்கி, "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். நானோ, மகவை முதன்முதலில் வெளியே கொணர்ந்து கதிரவனைக் காட்டும் நிஷ்க்ரமணச் சடங்கைப் பற்றி ஒரு சிறு விரிவுரையே நிகழ்த்தி அம்மாவின் கட்சியைச் சேர்ந்தேன். இரண்டு நாள் முற்றத்தில் வெற்றுடம்பாகக் கிடத்தினோம். ஏழாம் நாள் குழந்தை பால் குடிக்கவும் விழிக்காமல் துவண்டது. மருத்துவர் குருதியைச் சோதித்து, உடனே நீலவொளி விளக்கின்கீழ் வைத்தார். அந்த இரண்டு இரவுகளும் நான் உறங்கவில்லை.

அம்மாவின் நம்பிக்கை முற்றும் பொய்யன்று. 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், ராக்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் ஜீன் வார்டு, குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டு செல்வார். ஒரு குழந்தையின் உடம்பில் துணி மறைத்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை அவர் கவனித்தார். நீலவொளிச் சிகிச்சைக்கு வித்து அதுவே. ஆனால் விளக்கின் ஒளியை அளக்கலாம். வெயிலை அளந்து ஊட்ட இயலாது. நீலவொளியோடு புற ஊதாக்கதிரும் வெப்பமும் சேர்ந்தே வருகின்றன. தோல் கன்றும், உடல்நீர் வற்றும். அதனினும் கொடியது, உரிய சோதனைக்கு நேரம் தப்பிப்போவது. என் பிழை அந்தக் கடைசி வகை.

வைகாசியில் வரதராசப் பெருமாள் கோயில் கருட சேவை வந்தது. குழந்தைக்கு மூன்றாம் மாதம். புகுந்த வீட்டிலிருந்து வெயில் தடுப்புக் களிம்புக் குப்பி ஒன்று வந்திறங்கியது. "கறுத்துடப் போறா, பூசித் தூக்கிட்டுப் போங்க" என்பது உடன்வந்த செய்தி. இம்முறை நான் விரிவுரை நிகழ்த்தவில்லை; மருத்துவரிடம் கேட்டேன்.

ஆறு மாதத்துக்குட்பட்ட மகவுக்கு முதற்காப்பு நிழலும் துணியுமே என்றார். சிசுவின் தோல் மெல்லியது. எடையோடு ஒப்பிட, தோலின் பரப்போ பெரிது. ஆகவே பூசியது உட்புகும் அளவும் மிகுதி. 2019இலும் 2020இலும் வெளியான அமெரிக்க ஆய்வுகளில், இக்களிம்புகளின் சில வேதிப்பொருள்கள் வளர்ந்தவர் குருதியிலேயே காணப்பட்டன. அதனால் அவை தீங்கு என்று நிறுவப்படவில்லை எனினும், சிசுவிடத்தில் எச்சரிக்கை வேண்டும். நிழலே கிட்டாத நிலையில் துத்தநாக ஆக்சைடு கலந்த கனிமக் களிம்பை முகத்திலும் புறங்கையிலும் சிறிதளவு பூசலாம். ஆறு மாதத்திற்குப் பின் தாராளமாகப் பூசலாம். அப்போதும் நிழலுக்கு அது மாற்றாகாது. முகத்தை இறுக மூடிப் போர்த்தலாகாது, உள்ளே வெப்பம் சேரும். வைட்டமின் டி வேண்டுமே என்றேன். முதலாண்டு முழுதும் நாளொன்றுக்கு 400 அலகு சொட்டு மருந்து அதற்குப் போதும் என்றார். கறுப்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

நாம் அஞ்சுவதெல்லாம் கத்திரி வெயிலுக்கு. ஆனால் சித்திரை பிறந்து பத்து நாளிலேயே காஞ்சியின் உச்சிக்கு நேர்மேலே கதிரவன் வந்துவிடுகிறான். ஆவணித் தொடக்கத்தில் மறுபடியும் வருகிறான். புற ஊதாக்கதிரை உடம்பு சூடாக உணர்வதில்லை. காற்று குளிர்ந்தாலும் அது குறைவதில்லை. நம் நிழல் நம்மைவிடக் குறுகினால் குழந்தையை வெளியே வைத்திருக்கும் வேளை அன்று. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பிள்ளைத்தமிழ் பாடம் நடத்தும்போதெல்லாம் காப்புப் பருவம் மூன்றாம் மாதத்துக்குரியது என்று இயந்திரம்போல் சொல்லிப் போயிருக்கிறேன். அம்புலியை விளையாட அழைக்க ஒரு பருவம் உண்டு. கதிரவனை அழைக்க ஒன்றுமில்லை. இத்தனை ஆண்டுகளில் இது எனக்கு உறைத்ததே இல்லை.

கருட சேவைக்குப் போனோம், விடியுமுன். கோபுர வாசலில் தொட்டாசாரியார் சேவைக்காகப் பெருமாளைக் குடைகள் ஒருகணம் மறைத்தன. அந்தப் பெருங்குடைகளை அண்ணாந்து பார்த்த அம்மா, தம் பழைய பருத்திப் புடவையைக் கொள்ளுப்பேத்தியின் தலைக்குமேல் காற்றாடப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறுமுன் வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்:

"நூலுக்குப் பார்த்த நிழலை இவளுக்குப் பார்க்காம விட்டோமேடா."

என்னைத்தான் சொல்லியிருக்க வேண்டும். தம்மையும் சேர்த்துச் சொன்னார்.